வலசையேந்தல் மறைவிடம்

வலசையேந்தல் கண்மாய்க்கரையில் வனத்துறை கட்டிய மறைவிடம், திறப்பு விழாவுக்கு மறுநாளே தன் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டதில் அந்த ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அரசாங்கம் வைத்த பலகை ஒன்று, தன்மேல் எழுதியிருப்பதை அப்படியே செய்துகாட்டுகிறதே என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. 'குடிநீர்' என்று எழுதிய தொட்டியில் ஓணான் குடியிருக்க, 'சிற்றுண்டியகம்' என்று எழுதிய கட்டடத்தில் சிமென்ட் மூட்டை குடியிருக்க, 'மகளிர் கழிப்பறை அமையவிருக்கும் இடம்' என்று எழுதிய பலகையை வேலிக்கருவை மூடி அந்த இடமே காடாகிக் கிடக்க, இது ஒன்றாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியதே என்று ஊர் அதன்மேல் பாசமாகிவிட்டது.

ராமநாதபுரத்துச் சீமையில் மழை பெய்வதே ஒரு செய்தி. பெய்து, கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து, நாட்டுக்கருவை மரங்கள் இடுப்புவரை தண்ணீரில் நின்றுவிட்டால் போதும், யார் சொல்லி எங்கிருந்து வருகின்றனவோ, மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வந்து கிளைக்குக் கிளை குடித்தனம் போட்டுவிடும். அவற்றுக்குப் பின்னாலேயே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனிதர்களும் வந்துவிடுவார்கள். பறவைகளுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலையைக் கடவுளிடம் விட்டுவிட்டு, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உயரமாய் ஒரு கோபுரம், அதைவிட உயரமாய் இன்னொரு கோபுரம், கரை நெடுக சிமென்ட் பெஞ்சு, கார் நிறுத்த ஒரு திடல், சிறகு விரித்த நாரையின் படத்தில் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை போட்டு, அதில் நம் தலையை நீட்டிப் படமெடுத்துக்கொள்ள ஒரு தட்டி. யோசித்தவர்கள் கண்ணைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார்கள். கண்ணுக்குக் கீழே மனுஷருக்கு வயிறு என்று ஒன்று இருப்பதும், அதற்கும் கீழே வேறு சிலது இருப்பதும் அவர்கள் வரைபடத்தில் வரவே இல்லை.

அந்தச் சரணாலயத்தின் நுழைவுச்சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள் தங்கமாரி. உப்பளத்தில் உப்பு வாரியிருக்கிறாள், நூறுநாள் வேலையில் மண் சுமந்திருக்கிறாள், மிளகாய் பறித்திருக்கிறாள். இத்தனை வேலையிலும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன முதல் வேலை இதுதான் என்பதால் அந்த நாற்காலிமேல் அவளுக்குத் தனிப் பிரியம். தினமும் வந்ததும் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆனால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முதல் பறவை இரை தேடிக் கிளம்புகிற நேரத்துக்குத் திறக்கிற கூண்டு, கடைசிப் பறவை அடைந்த பிறகுதான் மூடும். இடையில் அவள் எங்கே போவாள்? ஆண் ஊழியர்களுக்குக் கட்டடத்தின் பின்சுவர் இருந்தது. பெண்களுக்குக் கோடையில் கண்மாய்க்குள் கருவைப் புதர் உண்டு. ஆனால் பறவை வருவதே கண்மாய் நிறைந்த பிறகு; கண்மாய் நிறைந்தால் புதரெல்லாம் தண்ணீருக்குள்; தண்ணீருக்கு வெளியே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு புதருக்கும் நேர்மேலே கோபுரம், கோபுரத்தின் உச்சியில் ஆளுக்கொரு பைனாகுலர். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற கண்ணாடி ஊர் முழுக்கத் தொங்குகிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை எந்தப் புதரை நம்பி ஒதுங்குவாள், சொல்லுங்கள்.

ஆகவே தங்கமாரி தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். பேசுவதை மட்டும் விடவில்லை. தங்கமாரிக்கு வாய் அதிகம் என்பது ஊரின் கருத்து. ஊருக்குக் காது குறைவு என்பது தங்கமாரியின் கருத்து.

சரணாலயத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த ரேஞ்சர் இளஞ்செழியன் நல்ல பிள்ளை. இன்னும் கல்யாணமாகவில்லை, பறவையையும் தமிழையும் ஒரே அளவு நேசித்தான், தங்கமாரியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கரையோரம் பனையோலையும் பலகையும் வைத்து, தண்ணீர்ப் பக்கம் மட்டும் அரைச்சுவரோடு திறந்திருக்கிற மாதிரி ஒரு குடில் கட்டி, பறவை பார்க்கிறவர்கள் பறவை கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தபோது, அதில் 'ஹைடு' என்று போட்டிருந்த வார்த்தை அவனுக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்தியது. சாப்பிடும்போதும் யோசித்தான், ஜீப்பில் போகும்போதும் யோசித்தான், கடைசியில் ஒருநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்து, "மறைவிடம்! எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"சார், வேண்டாம் சார்," என்றாள் தங்கமாரி. "மறைவா போய்ட்டு வர்றேன்னா பொம்பளைக பாஷையில என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"எவ்வளவு அழகான சொல்லுக்கா அது."

"அழகுதான். அவசரத்துல வர்றவ அழகையா பார்ப்பா?"

அவன் சிரித்தான். 'பறவை நோக்கர் மறைவிடம்' என்று எழுதச் சொன்னான். பலகை சின்னதாகப் போய்விட்டதால், பெயின்டர் முன்னாலிருந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு மிச்சத்தைக் கண்மாயின் அக்கரையில் இருந்தே தெரிகிற அளவு பெரிதாக எழுதிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிகாலையில் முதல் ஆளாக உள்ளே போனவர், ஒவ்வொரு வருஷமும் தவறாமல் வருகிற ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் நாறும்பூநாதன். தொலைநோக்கியும் முக்காலியுமாகக் குனிந்து உள்ளே போனதைத் தங்கமாரி கூண்டிலிருந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி மாத்திரையோடு தேடிக்கொண்டு வந்தபோது உள்ளே வெறும் பெஞ்சு மட்டும்தான் இருந்தது. "ஏங்க, எங்க போனீங்க?" என்று அந்த அம்மாள் பதற, "இங்கதான் இருக்கேன் கோமு, சத்தம் போடாதே, கரண்டிவாயன் வந்திருக்கு" என்று பெஞ்சு பதில் சொன்னது. எட்டிப் பார்த்தால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கரண்டிவாயன் ஒற்றைக்காலில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. நாறும்பூநாதனின் மடியில் அது நின்றதையும், வாழ்நாளில் ஒரு பறவையும் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை என்று அவர் சத்தமில்லாமல் அழுததையும், மாத்திரையை அந்தரத்தில் நீட்டி அந்த அம்மாள் அவர் வாயைத் தடவிக் கண்டுபிடித்துப் போட்டதையும் ஊர் ரொம்ப நாள் பேசியது.

விஷயம் இவ்வளவுதான்: அந்தத் தாழ்ந்த வாசலில் குனிந்து உள்ளே போய்விட்டால், உடுத்தின துணியோடும் கையில் இருக்கிற பொருளோடும் ஆள் மறைந்துபோவார். உள்ளே இருப்பவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, பறவைக்கும் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். குனிந்து வெளியே வந்தால் பழையபடி முழு ஆள். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ரேஷன் கடை ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டே அலுத்துப்போன ஊர் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, தங்கமாரி பயந்தது நடந்தது. விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த வேனிலிருந்து இறங்கிய பெண்கள் நாரையைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார்கள். "ஆத்தாடி, மகராசன் ஒருத்தன் மறைவிடம் கட்டி வச்சிருக்கான்டி" என்று சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி, வரிசையாகக் குனிந்து உள்ளே போனார்கள். அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து நாறும்பூநாதனின் அலறல்: "அம்மா! அம்மா! இங்கே ஆள் உட்கார்ந்திருக்கேம்மா!"

வெளியே வந்த பெண்கள் தங்கமாரியிடம் சண்டைக்கு நின்றார்கள். "ஏம்மா, பலகையில ஒண்ணு, உள்ள ஒண்ணா? பொம்பளைக பொழப்புன்னா உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?" அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் தங்கமாரியுடையதாகவே இருந்தது. தன் கேள்வியைத் தன்னிடமே கேட்டால் பதிலுக்கு எங்கே போவது?

ஊர் அதற்குள் மறைவிடத்தோடு பழகிவிட்டது. குனிந்து நுழைகிற எந்த வாசலுக்கும் செருப்பைக் கழற்றிவிடுவதுதான் அந்தப் பக்கத்துப் பழக்கம் என்பதால் இதற்கும் கழற்றினார்கள்; ஆள் தெரியாவிட்டாலும் வாசலில் கிடக்கிற செருப்பு தெரியுமே, அதை வைத்துப் பெண்டாட்டிகள் புருஷன்மாரைப் பிடித்தார்கள். விவரமானவர்கள் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். சீட்டாடுகிறவர்கள் ஒரு மத்தியானம் கட்டோடு உள்ளே போய், அடுத்தவன் சீட்டும் தெரியாமல், தன் சீட்டும் தெரியாமல், எல்லாரும் தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள். காதலிக்கிற இரண்டு பேர் கைகோத்து உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் புதுச் சுடிதார் போட்டிருந்தேன், அதைப் பார்க்காத இடத்தில் எனக்கென்ன வேலை என்றாள் அவள். மாமியார் வீட்டில் பகலில் படுக்க முடியாத மருமகள்கள் வந்து பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து தூங்கினார்கள். அவர்கள் இடுப்பின் மேடு பள்ளத்தில் நாமக்கோழிகள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்ததில், யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்கள் என்று வெளியேயிருந்தே சொல்லிவிடலாம். நுழைவாயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற லூர்து மட்டும், "கண்ணுக்குத் தெரியாதவன் டீ வாங்க வரமாட்டான், எனக்கு என்னத்துக்கு அது" என்று தள்ளியே இருந்தாள்.

மார்கழி பிறந்தபோது தங்கமாரிக்கு அடிவயிற்றில் தீ பிடித்தது. குளிர்காய்ச்சலில் நடுங்கினவளைப் புருஷன் சாத்தையா தன் ஷேர் ஆட்டோவில் மற்ற சவாரி ஏற்றாமல் டவுனுக்குக் கொண்டுபோனான்.

"எத்தனை மணி நேரம் அடக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"பறவை கிளம்பினதுல இருந்து பறவை அடையற வரைக்கும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள். "இப்படியே போனா கிட்னி போயிரும். ஒண்ணு அங்க கழிப்பறை வேணும், இல்ல அந்த வேலை வேண்டாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

திரும்பும் வழியில் சாத்தையா ஆட்டோவை மெதுவாகவே ஓட்டினான். ஊர் எல்லை வந்ததும், "விட்ரு தங்கம். நாம இருக்குறத வச்சுப் பாத்துக்கிடுவோம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. "நான் எதுக்கு விடணும்? மூத்திரம் வர்றதுக்கு ஒருத்தி வேலையை விடணும்னா, ஊர்ல உசுரோட இருக்கிற அத்தனை பேரும்ல வேலையை விடணும்?"

மறுநாள் நேராக இளஞ்செழியனிடம் போனாள். அவன் உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டான், அவள் எதிரிலேயே போட்டான், பாவம். ஆனால் போனை வைத்தபோது அவன் முகம் சுருங்கியிருந்தது.

"என்ன சொல்றாரு?"

"அதான் மறைவிடம் இருக்கேங்கிறார்க்கா. உள்ளே போனா யாரும் பார்க்க முடியாது. உலகத்துலயே எந்தச் சரணாலயத்துலயும் பெண்களுக்கு இவ்வளவு பாதுகாப்பு இல்லையாம். பின்னாடி ஒரு மூலையில் மணல் கொட்டித் தரச் சொல்றார்." கொஞ்சம் தயங்கி, "யோசிச்சுப் பார்த்தா... யாரும் பார்க்க மாட்டாங்கங்கிறது உண்மைதானேக்கா?" என்றான்.

தங்கமாரி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சார், நாங்க கேட்டது தண்ணி, கதவு, ஒரு தாழ்ப்பா. எங்களை இல்லாமலாக்கச் சொல்லி நாங்க கேக்கல. யாரும் பாக்கலைங்கிறதுக்காக நின்ன எடத்துல போறதுக்கு நாங்க என்ன ஆடு மாடா? ஒரு பொம்பளைக்கு எடம் ஒதுக்குறதை விட அவளையே மறைச்சிர்றது உங்களுக்கு லேசா இருக்குல்ல?"

"அப்படி இல்லக்கா—"

"பொங்கலுக்குள்ள கட்டணும். இல்லைன்னா நாற்காலியை நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கூண்டுக்குத் திரும்பியதும், காலையில் துடைத்த அந்த நாற்காலியை இன்னொரு தடவை முந்தானையால் துடைத்தாள். சரணாலயத்தில் கூட்டிப் பெருக்குகிற பெண்கள், நாற்றங்காலில் கன்று வளர்க்கிற பெண்கள், பொங்கலுக்குப் பறவைத் திருவிழா என்று கூட்டம் வந்தால் பலகாரக்கடை போடுகிற பெண்கள், எல்லாரையும் கூட்டித் திருவிழாவுக்கு ஒருத்தியும் வேலைக்கு வருவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். எங்கே கூடுவது? கோயிலில் கூடினால் புருஷன்மார் பார்ப்பார்கள், கரையில் கூடினால் சூப்பர்வைசர் பார்ப்பார். யாரும் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் ஊரில் இருந்தது.

மறுநாள் காலை, பனி விலகாத நேரத்தில், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக மறைவிடத்துக்கு வந்தார்கள். ஆளில்லாத வேலைநாள், கூண்டில் சாத்தையாவை உட்காரவைத்துவிட்டுத் தங்கமாரி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். வாசலில் கிடந்த ரப்பர் செருப்புகளுக்கு அந்தப் பக்கம், ஓலைச்சுவரோரமாக, ஒரு ஜோடி பழுப்பு நிற பூட்ஸ் ஒழுங்காகச் சேர்த்துவைத்திருந்தது. உள்ளே காலுறையைச் சுருட்டிச் செருகியிருந்தது. இந்த ஊரில் அப்படி பூட்ஸ் போடுகிற ஆள் ஒருவன்தான்.

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே பனிவெளிச்சத்தில் வெறும் பெஞ்சுகள். பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. தண்ணீர்ப் பக்கத்துக் கடைசி மூலையில், பெஞ்சுக்கு மேலே அந்தரத்தில், ஒரு பெரிய கூழைக்கடா முழு உடம்பையும் பரப்பிச் சுகமாக அமர்ந்திருந்தது. அது அமர்ந்திருந்த உயரம், சரியாக ஒரு ஆணின் மடி உயரம்.

அவன் விடியும் முன்பே வரித்தலை வாத்துக்காக வந்து உட்கார்ந்திருப்பான் என்றும், வரும் வழியில் லூர்து கடையில் வழக்கம்போல மூன்று கிளாஸ் டீ குடித்திருப்பான் என்றும் தங்கமாரி கணக்குப் போட்டாள். பெண்கள் வந்தபோதே இருமியிருக்கலாம். முதல் பேச்சே அவனைப் பற்றியதாக இருந்ததால் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்திருப்பான். இரண்டாவது பேச்சு எந்த ஆம்பளையும் இருமவே முடியாத பேச்சாக இருந்திருக்கும்.

எழுந்து வெளியே தள்ளிவிடலாம்தான். ஆனால் அவளுக்குள் ஒரு குறும்பு தலைதூக்கியது. கோபமும் குறும்பும் சேர்ந்தால் அவளை யாராலும் பிடிக்க முடியாது.

"லூர்து மதினி வந்திருக்காகளா?"

"இந்தா இருக்கேன்த்தா. விடிகாலை டீயை முடிச்சிட்டு, இன்னைக்கு ஒருநா கடையை அடைச்சேன்."

"நீங்க வேளாங்கண்ணிக்குப் பஸ்ல போன கதையைச் சொல்லுங்க மதினி. புதுசா வந்த பிள்ளைகளுக்குத் தெரியாதுல்ல."

"அது பெரிய கதையில்ல?"

"பெரிசாவே சொல்லுங்க. நமக்கென்ன அவசரம்?"

லூர்து சொன்னாள். ராமநாதபுரத்தில் காபி குடித்துவிட்டு ஏறினது, தொண்டியில் பஸ் நிற்கும் என்று நினைத்தது, நிற்காதது, டிரைவரிடம் கேட்க வெட்கப்பட்டது, பக்கத்து சீட்டுக்காரன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடித் திறந்து மூடினது, பாலத்துக்குப் பாலம் கீழே ஓடுகிற ஆற்றைப் பார்க்காமலிருக்க ஜெபமாலையைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டது, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாதாவைக் கூப்பிட்டது. பெண்கள் சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள். சிரிப்பு அடங்கியதும், யாரும் கேட்காமலே ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பித்தார்கள். முகம் தெரியாத இடமல்லவா, சொல்லக் கூசுகிறதையெல்லாம் சொல்ல முடிந்தது. நாற்றங்காலில் வேலை பார்க்கும் நிறைமாதக்காரி, கருவை முள் ஏறின பாதத்தோடு பாதியில் எழுந்து ஓடினதைச் சொன்னாள். கூட்டுகிற அம்மா, கோபுரத்தின் மேலிருந்து எவனோ கைதட்டினதைச் சொன்னாள். அதற்கப்புறம் பகலில் பச்சைத்தண்ணீர் தொடுவதில்லை என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஏத்தா, பேசினதுல தொண்டை காய்ஞ்சிருச்சு," என்று தங்கமாரி, கொண்டுவந்திருந்த குடத்தைச் சாய்த்தாள். கண்ணுக்குத் தெரியாத குடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத சொம்பில், நல்ல உயரத்திலிருந்து, மெதுவாக, தண்ணீர் விழும் சத்தம் குடில் முழுக்கக் கேட்டது. ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. கூழைக்கடா அசைந்து, இன்னும் கொஞ்சம் வசதியாக அழுந்தி உட்கார்ந்தது.

மூலையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் ஒருத்தி.

"பறவைதான். எந்தப் பறவைன்னு ரேஞ்சர் சாரைக் கேட்டாத் தெரியும். மதினி, திரும்பி வந்த கதையும் சொல்லுங்க."

"அக்கா!" என்றது கூழைக்கடா. அல்லது அதன் அடியில் இருந்தது. "அக்கா, போதும்க்கா... கொஞ்சம் வழி விடுங்கக்கா."

பெண்கள் வீறிட்ட சத்தத்தில் வெளியே கண்மாய்ப் பறவையெல்லாம் ஒருமுறை கிளம்பி அமர்ந்தன. கூழைக்கடா மட்டும் கிளம்பவில்லை. அதற்கு அந்த மடி பிடித்துப்போயிருந்தது.

"சாரா? எதுக்கு சார் வழி?" என்றாள் தங்கமாரி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அவசரம்க்கா."

"அவசரம்னா இங்கயே போகவேண்டியதுதானே? அதான் யாரும் பாக்கலையே. மறைவிடம்தானே இது?"

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது? உலகத்துலயே இவ்வளவு பாதுகாப்பு எங்கயும் இல்லைன்னீக. மணல் வேணும்னா அள்ளிட்டு வரட்டா?"

"அக்கா, நீங்க எல்லாரும் இருக்கீங்க..."

"இருக்கோமா? கண்ணுக்குத் தெரியுறோமா?"

"தெரியலைன்னாலும் இருக்கீங்கல்ல!" என்று அவன் கத்தியேவிட்டான். குரல் உடைந்தது. "நானும் இருக்கேன்ல! யாரும் பார்க்கலைங்கிறதுக்காக எப்படிக்கா... மனுஷன்க்கா நான்!"

அவன் சொன்னது என்னவென்று அவனுக்கே காதில் விழக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பனி விலகி வெயில் அரைச்சுவர்மேல் ஏறியது.

தங்கமாரிக்குச் சிரிப்பு போய்விட்டது. சொந்தத் தம்பியை வெயிலில் முட்டிபோட வைத்துவிட்ட மாதிரி மனசு இளகியது. "வழி விடுங்கடி," என்றாள். "அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. பாவம், பிள்ளை போகட்டும்." கூழைக்கடாவைக் கையால் தடவித் தூக்கி அரைச்சுவர்மேல் வைத்தவளும் அவள்தான்.

வாசலில் குனிந்து வெளியே வந்ததும் ரேஞ்சர் முழு உருவத்தில் தெரிந்தான். பூட்ஸைப் போட நிற்காமல் கரைமேல் ஓடினான். கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிற வயல், புதரெல்லாம் தண்ணீருக்குள். கட்டடத்தின் பின்சுவருக்குப் போனால், அங்கே பறவைத் திருவிழாவுக்காகச் சாரம் கட்டி நாரை வரைந்துகொண்டிருந்தார்கள். அதே நேரத்தில்தான் பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து நின்று, கோபுரம் முழுக்கப் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். வெறுங்காலோடு காக்கிச்சட்டையில் கரை நெடுக ஒன்று ஓடுவதைக் கண்டு அத்தனை பைனாகுலரும் அவன்மேல் திரும்பின. "மிஸ், மிஸ், அது என்ன பறவை?" என்று ஒரு குரல் மேலேயிருந்து கேட்டது. அவன் ஓடி, கலுங்கைத் தாண்டி, அடுத்த ஊர் எல்லைவரை போய்த் திரும்பி வந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நாகரிகம்.

திரும்பி வந்தவன் நேராகக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றான். தங்கமாரி நாற்காலியில் இருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பூட்ஸைப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"உள்ளே போகும்போதேவா?"

"உள்ள போறதுக்கு முன்னாடியே."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. போனை எடுத்தான். அவன் மேலதிகாரியிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "இல்ல சார். இல்ல சார். சார், நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. மறைவு வேற, அறை வேற. அந்தச் சொல்லை வச்சவன் நான், எனக்குத் தெரியும். ...உள்ளே யாரும் பார்க்க மாட்டாங்கதான் சார். நீங்க ஒருநாள் மூணு கிளாஸ் டீ குடிச்சிட்டு வந்து உட்கார்ந்து பாருங்க சார், நான் வாசலை மறிச்சு நிக்கிறேன். ...திருவிழாவுக்கு ஃபைபர்ல நாரை செய்ய ஒதுக்கினீங்கல்ல, அது வேண்டாம். கண்மாயில உசுரோட ஆயிரம் நாரை நிக்குது." ஆயிரமெல்லாம் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் திருத்துவது சரியில்லை என்று தங்கமாரி விட்டுவிட்டாள்.

வேலை மறுவாரமே ஆரம்பித்தது. வேலிக்கருவையை வெட்டி, அதற்குள் மூழ்கிப்போயிருந்த பழைய பலகையை எடுத்துக் கொத்தனார் சாரத்துக்கு முட்டுக்கொடுத்தார். மூன்று அறை, மூன்றிலும் தண்ணீர்க் குழாய், உள்ளே பக்கம் உறுதியான தாழ்ப்பாள், பை மாட்ட ஆணி, உட்கார முடியாதவர்களுக்காக ஒன்றில் மேல்நாட்டுப் பீங்கான். எங்கே எது வேண்டும் என்று தங்கமாரியும் லூர்தும் கொத்தனாரோடு தினமும் சண்டை பிடித்தார்கள். ஜன்னல் கோபுரத்தைப் பார்க்கக் கூடாது என்றாள் தங்கமாரி. கண்ணாடி வேண்டும் என்றாள் நிறைமாதக்காரி. எதற்கு என்று கேட்ட கொத்தனாரிடம், "எங்க மூஞ்சியை நாங்க பாக்க" என்றாள். இளஞ்செழியன் வாசலுக்கு எழுத ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் பெண்களிடம் கேட்டான். 'பெண்கள்' என்று மட்டும் போடுங்கள், போதும் என்றார்கள்.

மறைவிடம் அது பாட்டுக்கு இருந்தது. மருமகள்கள் தூங்கினார்கள், நாறும்பூநாதன் மடியில் வெவ்வேறு பறவை வந்து அமர்ந்தது. அந்தக் கூழைக்கடா சில நாள் மூலைப் பெஞ்சில் ஏறி ஏறி மடியைத் தேடிவிட்டுப் போயிற்று.

பொங்கலுக்கு முந்தின நாள் திறப்பு. மேலதிகாரி மதுரையிலிருந்து ரிப்பனும் கத்தரிக்கோலும் போட்டோகிராபருமாக வந்தார். அறை வாசல்களுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, இதுவும் தன் யோசனைதான் என்று வரும் வழியிலேயே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார். ஊரே கூடி நின்றது. சாத்தையா ஆட்டோவைக் கழுவி மாலை போட்டு நிறுத்தியிருந்தான். இளஞ்செழியன் கூட்டத்தில் தங்கமாரியைத் தேடினான். கூண்டில் நாற்காலி காலியாக இருந்தது. லூர்துவிடம் ஜாடையில் கேட்டதற்கு, அவள் வானத்தைப் பார்த்தாள்.

போட்டோகிராபர் சொன்னபடி சட்டையை இழுத்துவிட்டு, கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்து, நடு அறையின் கதவைத் திறந்துவைத்தால் படம் நன்றாக வரும் என்று மேலதிகாரி கதவைத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். பார்த்தால் ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து, யாரோ குனிந்து போய்விட்டு மறுபடி முடிந்த மாதிரி இருந்தது.

"யாருய்யா பூட்டினது? சாவி எங்கே?" என்று திரும்பினார்.

"வெளியே பூட்டே இல்ல சார்," என்றான் இளஞ்செழியன், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேலதிகாரி கத்தரிக்கோலின் பிடியால் கதவைத் தட்டினார். டொக் டொக். உள்ளே குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. மறுபடி தட்டினார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கண்மாயின் அக்கரைவரை கேட்கும்படி, கொஞ்சமும் அவசரமில்லாமல், தங்கமாரியின் குரல் வந்தது:

"ஆள் இருக்கு!"